பிள்ளையாருக்கு வைத்த பேடா

சில வருடங்களுக்கு முன், விநாயக சதுர்த்தி வாரத்தில், புனே விமான் நகரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் முதலில் எரிச்சல்தான் வருகிறது. நன்றியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எனக்குக் கல்லூரி நாட்களிலிருந்தே சர்க்கரை நோய். வயதானவர்களுக்கு வருகிற வகை இல்லை. உடம்பு இன்சுலினே சுரக்காத வகை. ஒவ்வொரு வேளையும் சாப்பிடுவதற்கு முன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். போட்டுவிட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். அப்படியே விட்டால் நினைவு தப்பி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அந்த நேரத்தில் எனக்கு இனிப்புதான் மருந்து. இதை நான் எத்தனை பேரிடம் விளக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எல்லோரும் அக்கறையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கடைசியில், "அப்போ நீங்க ஸ்வீட்டே தொடக் கூடாது, இல்லையா?" என்பார்கள்.

அலுவலகத்தில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மதியம் ஒரு மணிக்கு எனக்கு மீட்டிங் வைக்காதீர்கள், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று கேட்டேன். செலவில்லாத விஷயம். அதனாலோ என்னவோ, அது யார் காதிலும் ஏறவில்லை.

அந்த வருடம் எங்கள் கம்பெனி, நாள்பட்ட நோய் உள்ள ஊழியர்களுக்கு உதவப் போகிறோம் என்று ஒரு திட்டம் ஆரம்பித்தது. பொறுப்பேற்ற எச்.ஆர். அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. நல்லது செய்ய வேண்டும் என்ற வேகம் மட்டும் கொஞ்சம் அதிகம். எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தார், டி-ஷர்ட் கொடுத்தார். யார் அதிகம் நடக்கிறார்கள் என்று போட்டி வைத்தார். ஒரு நோயும் இல்லாத, மாரத்தான் ஓடுகிற ஆள் பரிசை வாங்கிக்கொண்டு போனார். முடக்குவாதத்தோடு வேலைக்கு வருகிற பெண் ஒருத்தி கடைசி இடத்தில் தன் பெயரைத் திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் ஒரு மணி மீட்டிங் அப்படியே இருந்தது.

பிறகு அவருக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. எங்கள் தளம் முழுவதையும் 'சுகர் ஃப்ரீ ஃப்ளோர்' ஆக்குவது. பேன்ட்ரியில் சர்க்கரை டப்பா காணாமல் போனது. பிஸ்கட் இருந்த இடத்தில் மக்கானா என்கிற வறுத்த தாமரை விதை வந்து உட்கார்ந்தது. சர்க்கரை நோயுள்ள நம் சக ஊழியருக்காக இந்தத் தியாகம் என்று மெயில் வேறு அனுப்பினார். பெயர் போடவில்லையே தவிர, அது யார் என்று தளத்தில் எல்லோருக்கும் தெரியும். டீயைக் குடித்து முகம் சுளிக்கிற ஒவ்வொருவரும் அடுத்து என்னைத்தான் பார்த்தார்கள். அதை நிறுத்துங்கள் என்று நான் சொன்னதற்கு, "பரவாயில்லை மேடம், உங்களுக்காக நாங்கள் இதுகூடச் செய்ய மாட்டோமா?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

அந்த வாரம்தான் அலுவலகத்தில் பிள்ளையார் வைத்தார்கள். வரவேற்பறைக்குப் பக்கத்தில் மேடை, பூ, விளக்கு எல்லாம் வருடா வருடம் ஃபைனான்ஸில் இருக்கிற ஒரு மராட்டிய அம்மாவின் பொறுப்பு. எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். செருப்போடு மேடைப் பக்கம் போனால் தொலைந்தோம். ஆரத்தி முடிவதற்குள் நைவேத்தியத்தின் மேல் யார் நிழலும் விழக் கூடாது. எச்.ஆர். அதிகாரி அவரிடம் போய், இந்த வருடம் பேடாவுக்குப் பதில் பேரீச்சம்பழம் படைக்கலாமே என்று கேட்டிருக்கிறார். பாப்பாவுக்கு டயாபடீஸ் இல்லை என்று அந்த அம்மா ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார். இங்கே பிள்ளையாரை எல்லோரும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா என்று அர்த்தம்.

சம்பவ நாளன்று, ஒரு மணிக்குச் சாப்பிடலாம் என்று ஊசி போட்டுக்கொண்டு எழுந்தேன். எச்.ஆர். அதிகாரி ஓடி வந்தார். மீட்டிங் அறையில் ஒரு நிபுணர் பேச வந்திருக்கிறார், நீங்கள் வந்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும், ஐந்தே நிமிடம் என்றார். தலைப்பு என்ன தெரியுமா? சர்க்கரை நோயோடு வேலை பார்ப்பது எப்படி. ஊசி போட்டாகிவிட்டது, நான் சாப்பிட வேண்டும் என்றேன். நீங்கள்தானே மேடம் இன்றைக்கு முக்கியமான ஆள் என்று கையோடு அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார். நிபுணர் ஸ்லைடு ஸ்லைடாகப் போய்க்கொண்டிருந்தார். நேரத்துக்குச் சாப்பிடுவது மிக முக்கியம் என்று அவர் சொன்னபோது எனக்கு வியர்க்க ஆரம்பித்தது.

பட்டென்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். கைப்பையைத் தளத்துக்குள் கொண்டு வரக் கூடாது என்பது விதி. அது வெளியே லாக்கரில் இருந்தது. ஆனால் என் மேஜை டிராயரில் எப்போதும் குளுக்கோஸ் பாக்கெட் வைத்திருப்பேன். அதைத் திறந்தேன். பாக்கெட் இல்லை. அந்த இடத்தில் ஒரு சிரிக்கும் முகம் ஸ்டிக்கர், 'உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்று. பக்கத்தில் கொஞ்சம் பாதாம். முந்தின நாள் நான் லீவில் இருந்தபோது, டிராயர்களில் ஒளித்து வைத்த சாக்லேட்டையெல்லாம் கூடையோடு வந்து வாங்கிப் போயிருக்கிறார்கள். என் மருந்தையும் என் சார்பில் யாரோ கூடையில் போட்டுவிட்டார்கள்.

பேன்ட்ரியில் என் சாப்பாட்டு டப்பா இருக்கிறது என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. சர்க்கரை இறங்கும்போது மூளை அப்படித்தான் ஆகிவிடும். பக்கத்தில் இருந்தவர்களிடம் இனிப்பு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். கேட்டது தமிழில் என்பது எனக்கே தெரியவில்லை. அவர்கள் விழித்தார்கள். ஒருவர் தண்ணீர் நீட்டினார், ஒருவர் ஏசியைக் கூட்டினார். என் டீமில் புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தி உண்டு. தட்டுத்தடுமாறித்தான் தமிழ் பேசுவாள், ஆனால் புரியும். அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, மீட்டா நக்கோ அக்கா. உங்களுக்கு சுகர் இருக்கு இல்ல? கொஞ்சம் ரெஸ்ட் பண்ணுங்க" என்றாள். மீட்டா நக்கோ என்றால் இனிப்பு வேண்டாம். அத்தனை பேரில் நான் சொன்னது புரிந்த ஒரே ஆள் அவள். அவளும் பாசத்தோடுதான் மறுத்தாள்.

நான் அவள் கையை உதறிவிட்டு நடந்தேன். எங்கே போகிறேன் என்று தெரியாது. வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை இருக்கிறானே, ஒரு வாய் இனிப்பு கிடைக்காமலா சாகப் போகிறேன் என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அந்த மேடை கண்ணில் பட்டது. பிள்ளையாருக்கு முன்னால் வெள்ளித் தட்டில் பேடா. டைரக்டர் வரட்டும் என்று ஆரத்தியைத் தள்ளி வைத்திருந்தார்கள். செருப்புக் காலோடு மேடைக்குப் போய்க் கையை நீட்டினேன். சுற்றிலும் நான்கைந்து குரல்கள் ஒரே நேரத்தில். ஆரத்தி ஆகவில்லை, நைவேத்தியம், மேடம் உங்களுக்கு ஸ்வீட் ஆகாது. யாரோ தட்டைப் பின்னால் இழுத்தார்கள்.

ஃபைனான்ஸ் அம்மா எழுந்து வந்தார். சரி, திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், என் கை நடுங்குவதைப் பார்த்தார். "காய் பாஹிஜே?" என்று கேட்டார். என்ன வேண்டும்?

தட்டைக் காட்டினேன். அவர் அதை வாங்கி ஒரு பேடாவை எடுத்து என் வாயில் வைத்தார். நான் மென்று முடிப்பதற்குள் இன்னொன்று. பின்னால் யாரோ ஆரத்தி பற்றி முணுமுணுத்ததற்கு, அவர் திரும்பாமலேயே, "பாப்பா தாம்பேல்" என்றார். பிள்ளையார் காத்திருப்பார். மேடைப் படியிலேயே என்னை உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்து, நான் போதும் என்று சொல்லும்வரை ஊட்டினார். ஏன், எதற்கு, சாப்பிடலாமா என்று ஒரு கேள்வி இல்லை.

கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. தமிழ்ப் பெண் ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளை நான்தான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. டைரக்டர் வந்தபோது தட்டில் பாதிதான் இருந்தது. மீதியை வைத்து ஆரத்தி எடுத்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் ஆரத்திப் பாட்டுக்கு எல்லோரோடும் சேர்ந்து நன்றாகக் கை தட்டினேன். சாயங்காலம் ரஞ்சன்காவ் ஃபேக்டரியிலிருந்து வந்த என் கணவரிடம் எல்லாம் சொன்னேன். அவர், "இனிமே அந்தக் குளுக்கோஸ சட்டைப் பையிலயே வெச்சுக்க. அங்க யாரும் வந்து எடுக்க மாட்டாங்க" என்றார்.

மறுநாள் எச்.ஆர். அதிகாரி மிட்டாய் டப்பாவோடு வருவார் என்று நினைத்தீர்களா? கேமராவோடு வந்தார். சக ஊழியர்கள் என் உயிரைக் காப்பாற்றியதைத் திட்டத்தின் வெற்றிக் கதையாகப் போடலாமா என்று கேட்டார். அன்றுதான் எனக்குக் குரல் உயர்ந்தது. எனக்குத் தேவை ஒரு மணிக்குச் சாப்பாடு, அதைத் தவிர எல்லாம் கொடுத்துவிட்டீர்கள் என்று தளமே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. உண்மையிலேயே இது அவருக்குத் தோன்றவில்லை. சர்க்கரை டப்பா திரும்பி வந்தது. ஒரு மணி மீட்டிங்குகள் குறைந்தன, நிற்கவில்லை.

நின்றது ஃபைனான்ஸ் அம்மாவால்தான். ஒரு மணி ஆனதும் நான் எந்த மீட்டிங் அறையில் இருந்தாலும் கதவைத் தட்டித் தலையை நீட்டி, "ஜேவலீஸ் கா?" என்று கேட்பார். சாப்பிட்டாயா? உள்ளே இருப்பது டைரக்டரே ஆனாலும் பதில் வரும்வரை போக மாட்டார். இப்போதெல்லாம் அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே மற்றவர்கள் லேப்டாப்பை மூடிவிடுகிறார்கள். எனக்காக எத்தனையோ பேர் எத்தனையோ செய்தார்கள். ஆனால் என்னிடம் என்ன வேண்டும் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்; இன்றைக்கு நான் உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுவது அந்தக் கேள்வியால்தான்.