மூன்றாவது சேர்வரில் இருந்த படம்

கேதீஸ்வரிக்கு அஸ்பாக்கைக் கண்டாலே வயிறு எரியும். அவன் செய்த குற்றம், வேலையை நன்றாகச் செய்தது.

சுனாமி அடித்த மறு மாதமே, மட்டக்களப்பில் ஒரு நிவாரண நிறுவனத்தின் அலுவலகத்தில், காணாமற்போனவர்களைத் தேடும் இணையத்தளத்தைத் தொடங்கியவள் அவள்தான். தளத்தைத் தாங்க இருந்தது ஒற்றைச் சேர்வர். அது விழுந்தால் சோற்றுக் கையோடு ஓடிவந்து நிமிர்த்துவாள். "கேதீஸ் இல்லாட்டி இஞ்ச ஒண்டும் நடவாது" என்று பணிப்பாளர் சொல்லிச் சொல்லியே அவளைக் கெடுத்து வைத்திருந்தார்.

2009இல் யுத்தம் முடிந்தது. வவுனியாவில் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் எடுத்த படங்கள் தளத்தில் ஏற ஏற, உலகமெங்குமிருந்து சனம் வந்து மொய்த்தது. சேர்வர் தாங்கவில்லை. கட்டாரில் வேலைபார்த்துத் திரும்பியிருந்த காத்தான்குடி அஸ்பாக்கைக் கொண்டுவந்தார்கள். அவன் பெரிதாக ஒரு புதுக் கணினிப் பெட்டியை வாங்கவைத்து, அதற்குள் மூன்று மெய்நிகர் சேர்வர்களை உருவாக்கி, முன்னால் ஒரு லோட் பலன்சரை வைத்தான். வருகிறவர்களை அது முறைவைத்து மூன்றுக்கும் பிரித்து அனுப்பும். அதன்பிறகு தளம் விழவே இல்லை. பணிப்பாளரின் வாயில் இப்போது அஸ்பாக் புராணம்தான்.

அவன் விட்ட பிழையைக் கண்டவளும் கேதீஸ்வரிதான். ஏற்றுகிற படம், லோட் பலன்சர் எந்தச் சேர்வருக்கு அனுப்புகிறதோ அங்கேயே தங்கிவிடுகிறது. மற்ற இரண்டுக்கும் போவதில்லை. பார்க்க வருகிறவர் வேறு சேர்வரில் விழுந்தால் படம் இல்லை. அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பணிப்பாளருக்கு முன்னால் அவன் முழிப்பதைப் பார்க்க வேண்டுமென்றிருந்தது. அந்த நினைப்பே இனித்தது.

முழித்தது வேறொருவர். கிளிநொச்சிக்குக் கட்டிக்கொடுத்த மகளை மாதக்கணக்காகத் தேடுகிற புஸ்பம், வவுணதீவிலிருந்து வந்து அஸ்பாக்கின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"நேத்துக் கடைக் கொம்பியூட்டரில கண்டன் மனே. யசோதினிதான், கையில குழந்தை. எந்த முகாமெண்டு பாக்கிறதுக்குள்ள கரண்ட் போயிற்று. பிறகு தேடினா ஆளில்ல. செத்துப்போனாப் படத்தை எடுத்துருவீங்களா?"

அஸ்பாக் தேடினான். வரவில்லை. "வேற ஆரையும் கண்டிருப்பீங்கம்மா" என்றான் மெதுவாக.

புஸ்பம் கேதீஸ்வரியின் பக்கம் திரும்பினார். "எனக்குப் பைத்தியமா பிள்ள?"

கேதீஸ்வரி அஸ்பாக்கின் பக்கம் திரும்பினாள். "லோட் பலன்சரை விட்டுட்டு, ஒவ்வொரு சேர்வருக்குள்ளயும் நேராப் போய்ப் பாருங்க தம்பி" என்றாள்.

மூன்றாவதில் யசோதினி இருந்தாள், குழந்தையோடு, முகாமின் பெயரோடு. புஸ்பம் அஸ்பாக்கின் இரு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். சத்தம் கேட்டு வந்த பணிப்பாளர் அவன் தோளில் தட்டினார்.

"அக்காதான் சொன்னா, சேர்" என்றான் அஸ்பாக். அவன் நல்லவன் வேறு. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "எப்ப பிடிச்சீங்க அக்கா இந்தப் பிழைய?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். இத்தனை நாள் அவள் ஏங்கிக் கிடந்த பார்வை. கண்டது நான்தான் என்று சொன்னால், எப்போது கண்டேன் என்றும் சொல்ல வேண்டும். புஸ்பத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவளால் முடியாது.

"எனக்கென்ன தெரியும். வாய்க்கு வந்ததைச் சொன்னன். கண்டுபிடிச்சது நீங்கதான் தம்பி" என்றாள்.

புஸ்பம் மறுபடியும் அவன் கையையே பிடித்துக்கொண்டார்.