ஏழாம் கோட்பாட்டின் இரண்டாம் பத்தி

உத்தமபாளையம் கோர்ட்டு வாசலில் சுயம்புலிங்கம் முப்பத்தோரு வருடமாக மனு அடித்துக்கொண்டிருந்தார். டைப்ரைட்டர் போய் லேப்டாப் வந்த பிறகும் அவர் நடை மாறவில்லை. 'மேற்படி', 'எக்காரணம் கொண்டும்', 'கடவது' இந்த மூன்றும் இல்லாத தாளில் கையெழுத்துப் போடுவது வீண் என்பது அவர் கொள்கை. வாய்க்கால் தகராறை அவர் அடித்துத் தந்தால், அடித்துக்கொண்ட இரண்டு பேருக்குமே தங்கள் தகராறு இத்தனை கௌரவமானதா என்று மலைப்பாக இருக்கும். கடவுளைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. கடவுள் அதுவரை அவரிடம் மனு அடிக்க வந்ததில்லை.

மனைவி பாண்டீஸ்வரி அப்படியல்ல. வருடம் தவறாமல் வீரபாண்டி மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தவள். சர்க்கரை வந்து ஏழு வருடமாகி, உள்ளங்கால் எரிச்சலில் தவித்துக்கொண்டிருந்தவளை அடுத்த வீட்டு ஷீபா ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக் கூட்டிப்போனாள். திரும்பி வந்தவள், "எரிச்சலே இல்லங்க" என்றாள். சனிக்கிழமை சாயங்காலம் எரிச்சல் திரும்ப வந்துவிட்டது. அதனால் என்ன, மறுநாள் ஞாயிறு. சபை இருந்தது.

அக்கினி மழை எழுப்புதல் சபை ஒரு பழைய தேங்காய்க் குடோனில் நடந்தது. அதன் பாஸ்டர் எலிசா, முன்னாளில் அழகுமலை என்ற பெயரில் ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் பூச்சிமருந்து விற்றவர். அந்த நாளில் வண்டியில் மைக் கட்டிக்கொண்டு, "ஒரே ஸ்பிரே, ஒரு பூச்சி மிஞ்சாது" என்று முழங்கிய குரல் அப்படியே இருந்தது. விற்கிற மருந்துதான் மாறியிருந்தது. இப்போது அவர், மருந்தே வேண்டாம் என்று விற்றார்.

சபையை டிரஸ்டாகப் பதிவு செய்ய பாஸ்டர் வந்து நின்றது சுயம்புலிங்கத்தின் மேசை முன்னால்தான்.

"பிரதர், பன்னிரண்டு கோட்பாடு இருக்கு. ஆவியானவர் எனக்குத் தந்தது. பத்திரத்தோட சேத்து அடிக்கணும். அதையே பெரிசா பிளெக்ஸ் போட்டு சபையிலயும் மாட்டணும்."

சுயம்புலிங்கத்துக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இத்தனை பெரிய கட்சிக்காரர் அவரிடம் இதற்கு முன் வந்ததில்லை.

முதல் கோட்பாட்டிலேயே, 'இப்பன்னிரண்டும் ஆவியானவரால் அருளப்பட்டவை. இவற்றில் ஓர் எழுத்தும் மாற்றத்தக்கதல்ல' என்று போடச் சொன்னார் பாஸ்டர். போட்டார். ஐந்தாவது, ஆவி இறங்கித் தானாக வரும் அந்நிய பாஷை பேசுவதே அபிஷேகத்தின் அடையாளம் என்றது. சுயம்புலிங்கம் விரலை நிறுத்தினார்.

"மலையாளம் கணக்குல வருமா பாஸ்டர்? நம்ம ஊர்ல பாதிப் பேரு பேசுவாகளே."

"வராது. படிச்ச பாஷை ஆகாது."

'கற்றறிந்த மொழிகள் நீங்கலாக' என்று அடித்துவிட்டு, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார். பதினோராவது, இரகசிய வருகை. கர்த்தர் எந்த நிமிடமும் வரலாம், இந்த மாதமே வரலாம்.

"அப்பறம் எதுக்கு குடோனுக்கு முப்பது வருசக் குத்தகை போடச் சொல்றீக?"

பாஸ்டர் கொஞ்சமும் அசரவில்லை. "அது விசுவாசம் பிரதர். இது பத்திரம்."

ஏழாவது கோட்பாடு, தெய்வீக சுகம். பாஸ்டர் கொண்டுவந்த நோட்டில், 'மருந்து மாத்திரையைக் கூடுமானவரை தவிர்ப்பது நல்லது' என்றுதான் இருந்தது. சுயம்புலிங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. 'கூடுமானவரை' என்பதெல்லாம் ஒரு வார்த்தையா? எதிர்த்தரப்பு வக்கீல் ஊதித் தள்ளிவிடுவார். 'சபையார் எக்காரணம் கொண்டும் மருந்து மாத்திரைகளை நாடாதிருக்கக் கடவர்' என்று இறுக்கிக் கட்டினார். பாஸ்டர் வாசித்துப் பார்த்து, "அப்பா! அபிஷேகம் இறங்குது பிரதர்" என்றார்.

அந்த நகலை வைத்துக்கொண்டு பாஸ்டர் மூன்று ஞாயிறு பிரசங்கம் செய்தார். மூன்றாம் ஞாயிறு பாண்டீஸ்வரி வீட்டுக்கு வந்து, மாத்திரை டப்பாவைச் சாக்கடையில் கொட்டினாள். கணவரிடம் மூச்சுவிடவில்லை.

பன்னிரண்டாம் நாள் கம்பம் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தாள். அப்சல் என்கிற ஆட்டோக்காரர் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சர்க்கரை நானூற்றுத் தொண்ணூறு. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் ஆள் மிஞ்சியிருக்காது என்று டாக்டர் சுயம்புலிங்கத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். மாத்திரை சாக்கடைக்குப் போனது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

நாலாம் நாள் பாஸ்டர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும், "சிஸ்டருக்கு விசுவாசம் கொஞ்சம் பத்தாமப் போச்சு" என்றார். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையோடு பாண்டீஸ்வரி தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்தபின் மாத்திரையை நீட்டினால் வாயை மூடிக்கொண்டாள்.

"போட மாட்டேன். ஏழாவதுல தெளிவா இருக்கு."

"ஏ பாண்டி, கிறுக்கச்சியா நீ? செத்துப் போவ."

"எக்காரணம் கொண்டும்னு போட்டிருக்கு. நீங்கதான அடிச்சீக?"

அவர் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். ஊரான் வீட்டுச் சண்டைக்கெல்லாம் போட்ட வார்த்தை. இப்போது சொந்தப் பெண்டாட்டி கழுத்தில் நிற்கிறது. பாஸ்டரைத் திட்டவும் வழியில்லை. அந்த மனுஷன் 'கூடுமானவரை' என்றுதான் எழுதியிருந்தார்.

மறுநாள் காலை கோர்ட்டு வாசலில் லேப்டாப்பைத் திறந்தார். பத்திரம் இன்னும் பதிவாகவில்லை. ஏழாம் கோட்பாட்டின் அடியில் இரண்டாம் பத்தி ஒன்றை அடித்தார்: 'மேற்படி தெய்வீக சுகமானது மருத்துவர் வாயிலாகவும் அருளப்படுவதாகையால், மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகள் மேலே தடுக்கப்பட்ட மாத்திரைகளில் சேரா. அவற்றைச் சபையார் வேளை தவறாமல் உட்கொள்ளக் கடவர். தவறுவோர் விசுவாசத்தில் குறைவுபட்டோராகக் கருதப்படுவர்.' கடைசி வாக்கியத்தை அடிக்கும்போது ஆரஞ்சுப் பழம் நினைவுக்கு வந்தது. விசையை ஓங்கியே தட்டினார்.

இருபத்திரண்டு பக்கம். கையெழுத்துப் போட வந்த பாஸ்டர் பேனாவை எடுத்தார்.

"ஒரு தடவ வாசிச்சிருங்க பாஸ்டர்."

"நீங்க பாத்துட்டீகள்ல, போதும்." இருபத்திரண்டு கையெழுத்தும் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பத்திரம் பதிவானது. பிளெக்ஸ் கடைக்கும் அதே பைல் போனது.

ஞாயிறு காலை, குடோன் சுவரில் எட்டடி உயரத்துக்குப் பன்னிரண்டு கோட்பாடும் தொங்கின. ஷீபா எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தாள். ஏழாவதின் இரண்டாம் பத்தி வந்ததும் சபையில் சலசலப்பு எழுந்தது. பின்வரிசையில் ஒரு பெரியவர் வேட்டி மடிப்பிலிருந்து பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்து எல்லோரும் பார்க்கவே ஒன்றைப் பிதுக்கினார். அவரைப் பார்த்து இன்னொருவர் சட்டைப்பையைத் தடவினார். ஒரு பெண் வேத புத்தகத்தைத் திறந்து, நடுவில் ஒளித்திருந்த தைராய்டு மாத்திரையை வெளியே எடுத்தாள். அத்தனை நாள் சபையில் பாதிப் பேர் விசுவாசத்துக்குத் தெரியாமல் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. முழுசாய் நம்பினவள் பாண்டீஸ்வரி ஒருத்திதான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கெல்லாம் பாஸ்டர் கோர்ட்டு வாசலில் நின்றார்.

"என்ன பிரதர் பண்ணி வச்சிருக்கீக?"

"மாத்தலாம் பாஸ்டர். திருத்தப் பத்திரம் போட்டாப் போதும்." சுயம்புலிங்கம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஆனா முதல் கோட்பாட்டுல, ஆவியானவர் தந்தது, ஒரு எழுத்தும் மாத்தக் கூடாதுன்னு நீங்கதான் போடச் சொன்னீக. இப்ப மாத்துனா, அவரு தப்பாச் சொல்லிட்டாருன்னு ஆயிரும். இல்லன்னா, வாசிக்காமக் கையெழுத்துப் போட்டேன்னு சபையில நீங்க சொல்லணும். எதைப் போடட்டும்?"

பாஸ்டர் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் மைக்கைப் பிடித்து, மூன்று நாள் உபவாசத்தில் ஏழாம் கோட்பாட்டின் ஆழமான பகுதியை ஆவியானவர் தமக்கு வெளிப்படுத்தினார் என்று முழங்கினார். குடோன் தகரம் அதிர ஸ்தோத்திரம் எழுந்தது. அந்த மாதத்திலேயே சபைக்குப் புதிதாக எட்டுக் குடும்பம் வந்தது. எல்லாம் சர்க்கரைக்காரக் குடும்பங்கள்.

பாண்டீஸ்வரி இப்போது காலையும் மாலையும் முக்காடு போட்டு, ஜெபித்து, மாத்திரை போடுகிறாள். கால் எரிச்சல் பாதி குறைந்திருக்கிறது. டாக்டர் எழுதித் தந்தபடி ஒரு வேளையும் தவறுவதில்லை. தவறினால் விசுவாசக் குறைவு.

ஒருநாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"இம்புட்டு வருசம் கோர்ட்டு வாசல்ல உக்காந்து என்னத்தக் கண்டீக? அந்த ஏழாவதுல ரெண்டாவது பத்தி, எம்புட்டு ஞானம்! மனுசன் எழுத முடியுமா அத?"

சுயம்புலிங்கம் வாயைத் திறந்தார். அவள் பக்கத்தில் காலி மாத்திரை அட்டை கிடந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"முடியாதுதான்" என்றார்.

"அப்பக் கண்ண மூடுங்க. ஒங்க ரட்சிப்புக்காக ஜெபிக்கிறேன்."

மூடிக்கொண்டார்.