புறா விளக்கின் அடியில்

பழைய விளக்கின் திரிமூக்கை நாசியருகே பிடித்துக் கண்களை மூடிக்கொள்கிறார் ஹபீல் நானா. பித்தளையின் கசப்புக்கு அப்பால், எங்கோ ஆழத்திலிருந்து பழைய எண்ணெயின் வாசம் எழுந்துவரும். தேங்காயெண்ணெய் என்றால் வீட்டு விளக்கு. இலுப்பெண்ணெய் என்றால் கோயிலோ விகாரையோ. "கண்ணெ ஏமாத்தலாம், மூக்கெ ஏலா" என்பார்.

கண்டி நகரின் கொழும்பு வீதியில் பித்தளைச் சாமான்களுக்குப் பற்றவைப்பது அவர் தொழில். ஊருக்கு மின்விளக்கு வந்ததிலிருந்து, வீடுகளில் தொங்கிய பழைய விளக்குகள் ஒவ்வொன்றாய் இறங்கி அவரிடம் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றிலும் காலமும் ஊரும் எழுதிய சீட்டைக் கட்டித் தொங்கவிடுவார். ஏரிப் பக்கமிருந்து பனி கடைக்குள் நுழையும் காலைகளில், அத்தனை விளக்குகளும் தண்ணீருக்குள் மிதப்பதுபோல் இருக்கும். அவரும் வேலையை மறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"எண்ட ஆணத்த ஒரு நாளாவது இப்பிடி மோந்து பாத்தீக்கீங்களா?" என்பாள் மனைவி பஸீஹா, கறிச்சட்டியைக் கிளறியபடி.

உயரத்து ஆணியில், இலுப்பெண்ணெய் மணக்கும் ஒரு புறா விளக்கு. புறாவின் வயிற்றில் எண்ணெய் நிற்கும். கீழே தட்டில் குறையக் குறையத் தானே சொட்டும். அதன் அடியில் நீள்வட்டமாய் ஒரு குழி, குறுக்கே சாய்ந்த கோடு. அரண்மனைப் பட்டறையின் அடையாளம் என்று நம்பிச் சீட்டில் 'மன்னர் காலம்' என எழுதியிருந்தார். அதைப் படம்பிடிக்கக் கொழும்பிலிருந்து ஒரு துரை சனிக்கிழமை வருவதாகக் கடிதம் போட்டிருந்தார்.

வியாழனன்று தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ராக்கம்மா வந்தாள். சேலைத் துணியில் சுற்றி, ஒழுகும் புறா விளக்கு ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். மரியாதைக்காகப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருந்தாள். முகர்ந்தார், புளிதான் மணத்தது.

"என்ன புள்ள, வாசமெல்லாத்தையும் கழுவிட்டீங்களே!"

வேறு வழியில்லாமல் அடியைத் திருப்பினார். அதே குழி. அதே கோடு.

"இது மன்னர் காலத்துச் சாமான்!"

ராக்கம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "போங்க மொதலாளி! நான் சமஞ்ச வருசம் எங்கப்பா வார்த்தது. விகாரையில பாத்துட்டு வந்து ரெண்டு செஞ்சாரு. மத்தது தோட்டத்துக் கோயில்ல இருந்துச்சு. புதுக்கோயில் கட்டுறப்ப வித்துப்புட்டாங்க."

"இந்தக் கோடு?"

"வார்க்கிறதுக்கு முன்ன மெழுகுல அப்பா அமுக்குன பெருவெரலுங்க. தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு."

"கோயில்ல என்ன எண்ணெ ஊத்தினாங்க?"

"இலுப்பெண்ண."

மூக்கு பொய் சொல்லவில்லை. அவள் விளக்கை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால், இந்தத் தழும்பைப் பற்றிச் சொல்ல ஊரில் ஆளில்லை. துரைக்கும் தெரியப்போவதில்லை. பஸீஹா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹபீல் நானா கதிரையில் ஏறி உயரத்து விளக்கை இறக்கினார். அடிக்குழியில் தன் பெருவிரலை மெல்ல வைத்துப் பார்த்தார். பிறகு சீட்டில் இருந்ததை அடித்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டு நனைத்தார்.

"ஒங்கட வாப்பாட பேரென்ன புள்ள?"

"மாடசாமி."

எழுதினார். மீண்டும் கதிரையில் ஏறி, அதே உயரத்து ஆணியில் விளக்கை மாட்டினார்.