எட்டுக்குள் அடங்காத பிள்ளை

மின்னல் எழுதிய புரோகிராம், பட்டனை அழுத்துவதற்கு முன்பே விடை சொல்லிவிடுகிறது என்று ஆஸ்பத்திரி கேன்டீனில் ஒரு பேச்சு. நேரில் போய்ப் பார்த்தேன். பொய். அழுத்திய பிறகுதான் சொல்கிறது. விரலை எடுப்பதற்குள் சொல்லி முடித்துவிடுகிறது, அவ்வளவுதான்.

மின்னல் என்பது கணினி அறைக்காரருக்கு நர்சுகள் வைத்த பெயர். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார். நர்சுகளுக்கு டியூட்டி பட்டியல் போடும் புரோகிராம்தான் அவருடைய சாதனை. மாதத்துக்கு ஒரு தடவை ஓடும். முன்பிருந்தது எளிய மொழியில், ஏறக்குறைய பேசுவது போலவே எழுதப்பட்டிருந்தது. தலைமை நர்சே திறந்து படித்து, வேண்டிய வரியைச் சேர்த்துவிடுவார். மெதுவானதுதான், ஓடவிட்டால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அந்த டீயை மின்னலால் பொறுக்க முடியவில்லை.

"அது சோம்பேறிங்க மொழி சார்," என்றார் என்னிடம்.

நினைவகத்தின் ஒவ்வொரு மூலையையும் எழுதுகிறவரே கூட்டிப் பெருக்க வேண்டிய மொழி ஒன்று உண்டு. அதில் அரை வருஷம் உட்கார்ந்து மாற்றி எழுதினார். வேகத்துக்காக ஒரு நர்சுக்கு எட்டே கட்டம். சீனியரா, ஐசியூ வேலை தெரியுமா என்று ஒவ்வொன்றிலும் ஓர் ஆம் அல்லது இல்லை. படுக்கையருகே இதயத்துடிப்பைக் கவனிக்கும் கருவிக்கு இந்தச் சிக்கனம் வேண்டும்தான். அதற்குப் புரோகிராம் எழுத அவரை யாரும் கூப்பிடவில்லை.

பிரசவ விடுப்பு முடிந்து ஒரு நர்ஸ் வேலைக்குத் திரும்பினார். மின்னலின் சொந்தத் தங்கை. அந்த மாதப் பட்டியலில் முதல் வாரம் முழுக்க அவருக்கு நைட் டியூட்டி. கைக்குழந்தை உள்ளவர்களுக்கு நைட் கிடையாது என்று பழைய புரோகிராமில் ஒரு வரி இருந்தது.

"அந்த வரி எங்கண்ணா?"

"நான் எழுதறப்ப யாருக்கும் கைக்குழந்தை இல்லம்மா. எட்டுல அடங்கல, விட்டுட்டேன்."

"இப்ப சேத்துடு."

"ஒம்பதாவது வந்தா மொத்தத்தையும் பிரிக்கணும். மூணு மாசமாவது ஆகும்."

"அதுவரைக்கும் எம்புள்ள ராத்திரி பசிக்கு உன் எட்டையா குடிக்கும்?"

"அதோட வேகத்தப் பாத்தியா நீ?"

"பாத்தேன். தப்ப எவ்ளோ சீக்கிரமா சொல்லுது."

தலைமை நர்ஸ் பேச்சை வளர்க்கவில்லை. பழைய புரோகிராம் அவருடைய கணினியிலேயே இருந்தது. அதை ஓடவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தார். சரியான பட்டியல் காத்திருந்தது. ஓரமாக நின்ற மின்னல், "ரொம்ப லேட்டு," என்றார். இப்போது பழையதை வேகப்படுத்த அனுமதி கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார்.

தலைமை நர்ஸ் எடுத்த பட்டியல் மறுநாளிலிருந்துதான் செல்லும் என்பதால், அன்று ராத்திரி மட்டும் தங்கைக்குப் பதில் பக்கத்து வார்டு நர்ஸ் நின்றார். "எனக்கு ஒரு ராத்திரி டியூட்டிய உங்கண்ணன்தான் திருப்பித் தரணும்," என்கிறார் அவர், தங்கையைப் பார்க்கும்போதெல்லாம். ஊசி பிடிக்கத் தெரியாத அண்ணன் எப்படித் தருவார்? பிள்ளை பால்குடி மறந்ததும் அந்தக் கடனைத் தானே நின்று தீர்ப்பதாகத் தங்கை சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை.