கதவில் ஒட்டிய அம்பு

சித்ராதேவி எங்கள் கார் ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்த வாரமே எனக்கும் அவளுக்கும் சண்டை. அருள்புரம் யார்டிலிருந்து நான் ஓட்டி வந்து, கழுவித் துடைத்து நிறுத்தியிருந்த புது வண்டியின் பானெட்டில் சிவப்பாக ஒரு குட்டி அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எவன் சேட்டை இது என்று கத்தினேன். "நாந்தான் அண்ணாச்சி. அம்பு காட்டுத எடத்துல பாருங்க, சோப்பு அப்படியே காஞ்சு கெடக்கு" என்றாள். பார்த்தேன், கிடந்தது. அதற்காக அம்பு விடுவதா? வாயால் சொன்னால் ஆகாதா? இந்த லிங்கசாமிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரே சொல்லும். அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.

அந்த அம்பு ஸ்டிக்கரைத் தெரியாதவர்கள் திருப்பூரில் கிடையாது. பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில், பீஸில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒட்டுவார்கள். அம்பு விழுந்த பீஸ் சரிபண்ணப் போகும், இல்லாவிட்டால் குறைந்த விலைக்கு விற்கிற செகண்ட்ஸில் போய் விழும். ஃபர்ஸ்ட் குவாலிட்டி பெட்டிக்குள் மட்டும் போகாது. சித்ராதேவி அப்படி ஒரு டேபிளில் வருஷக்கணக்காக நின்றவள். கோவில்பட்டிப் பக்கத்து ஊர்க்காரி. கல்யாணமாகி, டெய்லர் புருஷன் இசக்கிமுத்துவோடு இங்கே வந்தாள். நின்று நின்று காலில் நரம்பு சுருண்டு, இனிமேல் இப்படி நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, சாயங்காலம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு ஷோரூம் ரிசப்ஷனுக்கு வந்தாள். அங்கிருந்து டெலிவரிப் பொறுப்புக்கு உயர்ந்தாள். டேபிளை விட்டவள் ஸ்டிக்கர் ரோலை மட்டும் விடவில்லை. வண்டி கழுவுகிற ஆட்கள் அவளுக்கு அம்புக்காரி என்று பேர் வைத்தார்கள். அவளுக்கும் அது தெரியும், கண்டுகொள்ள மாட்டாள்.

போகப் போக எனக்கும் அவள்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. வண்டி வாங்க வருகிறவர்களிடம் வழவழவென்று பேச மாட்டாள். கேட்டதற்குப் பதில், கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது இருந்தால் அதுவும். அவ்வளவுதான். 

2008 கடைசியில் அமெரிக்காவில் எவனோ பேங்கைக் கவிழ்த்தான், ஆர்டர் இல்லாமல் இங்கே அருள்புரத்தில் தையல் மிஷின் நின்றது. இசக்கிமுத்து வேலை பார்த்த கம்பெனி தீபாவளிக்கு மூடியது, பிறகு திறக்கவே இல்லை. லைன் வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம், ஊரில் மாமியாரின் மருந்து எல்லாமே சித்ராதேவியின் சம்பளத்தில்தான் ஓடின. ஷோரூமிலும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் பொன்னாத்தாள் அம்மா வெள்ளி நிற வண்டி ஒன்றுக்கு முன்பணம் கட்டியபோது, மேனேஜர் மாதவன் முகத்தில் பல நாள் கழித்துச் சிரிப்பைப் பார்த்தேன்.

பொன்னாத்தாள் அம்மா தாராபுரத்துப் பக்கம் தோட்டம் துரவு உள்ள குடும்பம். வீட்டுக்காரர் இறந்த பிறகு, அருள்புரத்தில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்துத் தானே நடத்துகிறார். வாழ்க்கையில் முதல் கார். மார்கழி முடிந்து தை பிறந்ததும் வருகிற முதல் வளர்பிறை முகூர்த்தத்தில் வண்டி வாசலுக்கு வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வண்டி வந்தது. டிரெய்லரிலிருந்து இறக்கும்போது அந்தப் பாவி டிரைவர் பின் கதவை இரும்புத் தூணில் கொண்டுபோய் இடித்தான். நான் தள்ளி நின்று "ஓய் ஓய்" என்று கத்துவதற்குள் முடிந்துவிட்டது. கதவு உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்து, பெயிண்ட் உரிந்து தகரம் தெரிந்தது. வேறு வெள்ளி நிற வண்டி கேட்டால், மாசி பாதிக்கு மேல்தான் என்று பதில் வந்தது.

மாதவன் வண்டியைப் பின்பக்கத்து வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பினார். தட்டி நிமிர்த்தினார்கள், பட்டி பூசித் தேய்த்தார்கள், கதவு முழுக்கப் புதுசாகப் பெயிண்ட் அடித்தார்கள். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. நானே தெரிந்துவைத்துக்கொண்டு பார்த்தேன், எனக்கே கண்ணில் படவில்லை.

"கஸ்டமர்கிட்ட எப்ப சார் சொல்லப் போறீங்க?" என்று சித்ராதேவி கேட்டபோது நானும் அங்கேதான் நின்றேன்.

"எதைச் சொல்றது?" என்றார் மாதவன். கோயமுத்தூர்க்காரர், கெட்ட மனிதர் இல்லை. "ஃபேக்டரியிலேயே டச்சப் பண்ணித்தான்மா அனுப்பறாங்க. வண்டி வர்ற வழியில கீறல் விழுது, நாம பாலிஷ் போட்டுக் குடுக்கறோம். அதையெல்லாம் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டா இருக்கோம்?"

"பாலிஷ் போட்டா போயிருத கீறலை நானும் சொல்லச் சொல்லல சார். பனியன்ல நூல் நீட்டிக்கிட்டு இருந்தா வெட்டி விடுவோம், யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். ஓட்டைய ஒட்டுப் போட்டுத் தச்சுட்டு ஃபர்ஸ்ட் குவாலிட்டின்னு பெட்டில போட்டா அது களவு. இந்தக் கதவுல தகரம் தெரிஞ்சுது."

"சொன்னா வண்டி நிக்கும். மாசக் கடைசியில மொதலாளி என்னைத்தான் கேப்பார். உன்னையில்ல."

"அவிய எடுக்காம போனா போறாக. எடுத்தாலும் எடுப்பாக. அது அவிய இஷ்டம் சார், நம்ம இஷ்டமில்ல."

மாதவன் குரலை இறக்கினார். "வீட்டுக்காரருக்கு வேலையில்லைன்னு கேள்விப்பட்டேன். யோசிச்சுப் பேசு" என்றார். "யோசிச்சுத்தான் சார் பேசுதேன். நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்" என்றாள்.

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "உனக்கென்ன கிறுக்கா அம்முணி? புருசன் ஊட்டுல உக்காந்திருக்கறான், நீ இங்க கொடி புடிக்கற! அந்தம்மாளுக்குக் கண்ணுல தெரியவா போகுது?"

"இப்பத் தெரியாது அண்ணாச்சி. நாளைக்கு விக்கப் போவாகல்லா, அன்னைக்கு வாங்க வாரவன் தட்டிப் பாத்து, இது இடிபட்ட வண்டின்னு வெலைய அடிப்பான். இவுக சத்தியம் பண்ணுவாக, இடிக்கவே இல்லன்னு. எவன் நம்புவான்? நம்ம பொய்யி அவுக தலையில போய் விடியும்" என்றாள். அவள் சொன்னது சரிதான் என்ற கோபத்தில் இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

டெலிவரி அன்று காலையில் மாதவன் அவளை மாடியில் இன்சூரன்ஸ் கவுன்ட்டருக்கு மாற்றினார். வண்டிக்குப் பட்டுத்துணி போர்த்திவிட்டு நான் மாலை கட்டிக்கொண்டிருந்தேன். அவள் மாடிக்குப் போகிற வழியில் வந்து, துணியைத் தூக்கி, பின் கதவில் ஒரு அம்பு ஒட்டினாள். மாதவன் பார்த்துவிட்டார். விடுவிடுவென்று வந்து உரித்துக் கசக்கி எறிந்தார். "மேல போ" என்றார். போனாள். அவருக்குப் போன் வந்து கண்ணாடி அறைக்குள் நுழைந்ததும், கால் வலியோடு அத்தனை படியும் இறங்கி வந்து இன்னொன்று ஒட்டினாள். "அண்ணாச்சி, நீங்க எதையும் பாக்கல" என்றாள். "நா எதுக்குடி பாக்கறேன்" என்று மாலைக்குப் பூவைத் தேடினேன்.

ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்களோடு பொன்னாத்தாள் அம்மா வந்து இறங்கினார். எலுமிச்சம்பழம், பூசணிக்காய், தேங்காய், கற்பூரம், எல்லாம் தயாராக இருந்தன. ராகு காலத்துக்கு முன்னால் வண்டியை எடுத்து, நேரே அவிநாசிக் கோயிலுக்குப் போய்ப் பூசை போடுவது ஏற்பாடு. மாதவன் கை காட்ட, அந்த அம்மா துணியை இழுத்தார். கை தட்டினார்கள். பிறகு கைதட்டல் ஒரு பக்கமாக ஓய்ந்தது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் பனியன் தொழில். வெள்ளிக் கதவில் சிவப்பு அம்பைப் பார்த்தால் அவர்களுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டாம்.

பொன்னாத்தாள் அம்மா குனிந்து, அம்பு காட்டிய இடத்தை விரல் முட்டியால் தட்டினார். மொத்தென்று கேட்டது. முன் கதவைத் தட்டினார். அது டங்கென்றது.

"ஏனுங்க தம்பி, இது என்னங்க?"

"ஒண்ணுமில்லீங்க மேடம், சின்ன டச்சப்."

"சின்னதுன்னா சொல்லியிருக்கலாமுங்களே?"

அந்த அம்மாவின் தம்பி பெருமாள்சாமி எகிறிக்கொண்டு வந்தார். "நல்ல நேரம் பாத்து வந்தா ஒடஞ்ச வண்டியக் குடுப்பீங்களா? ஆரை ஏமாத்தறீங்க? ஆரு ஒட்டுனது இதை?"

"நாந்தாங்க" என்று மாடிப்படியிலிருந்து குரல் வந்தது. சித்ராதேவி கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கி வந்தாள். தூணில் இடித்தது, தட்டியது, பூசியது, அடித்தது எல்லாவற்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். "இஞ்சின்ல ஒரு குறையும் இல்லம்மா. கதவு மட்டுந்தான். வேண்டாம்னா மாசியில வேற வண்டி வரும். வேணும்னா வெலை பேசிக்கிடுங்க" என்று முடித்தாள்.

"ஏங்க்கா, அபசகுனம். வா போலாம்" என்றார் பெருமாள்சாமி.

"நீ சும்மா இருடா" என்றார் பொன்னாத்தாள் அம்மா. "செகண்ட்ஸ் வாங்கிப் போடாத ஆளு இந்த ஊர்ல ஆரு இருக்கறா? செகண்ட்ஸ் வாங்கறது கேவலமில்ல. ஃபர்ஸ்ட்டுன்னு நெனச்சு செகண்ட்ஸை வாங்கறதுதான் கேவலம்." மாதவன் பக்கம் திரும்பினார். "எனக்கு வண்டி இன்னைக்கே வேணுமுங்க. மொதலாளிகிட்டப் பேசி வெலையக் கொறைங்க. கதவுக்குப் பெயிண்ட் அடிச்சதை பில்லுலயே எழுதுங்க. எழுதுனா எடுத்துக்கறேன்."

போன் பேசினார்கள், குறைத்தார்கள், எழுதினார்கள். நான்தான் வண்டியை அவிநாசிக்கு ஓட்டினேன். அம்பை உரிக்கட்டுமா என்று கேட்டேன். "இருந்துட்டுப் போகுது போங்க" என்றார் அந்த அம்மா.

நான் திரும்பி வந்தபோது சித்ராதேவி கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மாதவன் சொல்லிவிட்டாராம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "நாந்தான் தலபாடா அடிச்சுக்கிட்டனே! இப்ப என்ன பண்ணப் போற?"

"நாளைக்கு வருவேன்" என்றாள்.

வந்தாள். அதே யூனிஃபார்ம் சேலை, அதே நேரம். தன் நாற்காலிக்குப் போகாமல் வாடிக்கையாளர் உட்காரும் சோபாவில் போய் உட்கார்ந்தாள். மாதவன் வந்து கேட்டதற்கு, "என்ன காரணத்துக்கு நிப்பாட்டுதீகன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். வாங்கிக்கிட்டுப் போயிருதேன்" என்றாள். சத்தமே போடவில்லை. மாதவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஒழுங்கீனம் என்று அடித்தார், என்ன ஒழுங்கீனம் என்று அவள் கேட்டாள். நிர்வாகத்துக்கு நஷ்டம் என்று அடித்தார், எதனால் நஷ்டம் என்று கேட்டாள். அடித்தார், அழித்தார். சாயங்காலம் வரை எழுத முடியவில்லை. மறுநாளும் அவள் வந்து உட்கார்ந்தாள்.

இதற்குள் பொன்னாத்தாள் அம்மாவின் சொந்தக்காரர்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். உள்ளே வருகிற ஆட்கள், "இங்க அம்பு ஒட்டற அம்முணி ஆருங்க?" என்று கேட்டார்கள். டை கட்டிய சேல்ஸ் பையன்களைத் தாண்டிப் போய் சோபாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இந்த வண்டி எப்படி, அதில் ஏதாவது பூசியிருக்கிறார்களா என்று விசாரித்தார்கள். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவிநாசிக்காரர் ஒருவர் நேராகவே கேட்டார்: "செகண்ட்ஸ் வண்டி இன்னொண்ணு இருக்குதுங்களா?" எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் யார்டுப் பக்கம் ஓடினேன்.

கடைசியில் முதலாளி சாமியப்பன் வந்தார். எல்லோரையும் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். வெள்ளைத் தாளையும் பேனாவையும் சித்ராதேவி முன்னால் தள்ளினார். "நீயே எழுது அம்முணி. எதுக்கு நிறுத்துனம்னு நீயே எழுது. நா கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார். குரலில் கோபம்தான் இருந்தது.

அவள் பேனாவை எடுத்தாள். எழுதினாள். ஒரே வரி. முதலாளி வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, வாய்விட்டே படித்தார்: "கதவுக்குப் பெயிண்ட் அடித்ததை, வாங்க வந்தவரிடம் சொன்னதற்காக."

பேனாவைத் திறந்தார். தாளைப் பார்த்தார். "இதை வச்சுட்டு என்ன பண்ணுவ?"

"அடுத்த எடத்துல வேலை கேக்கப் போனா, முன்னால ஏன் நிப்பாட்டுனாகன்னு கேப்பாகல்லா மொதலாளி. காட்டுவேன்."

சாமியப்பன் அந்த ஒரு வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"போய் வேலையப் பாரு" என்றார். "ஆனா இனிமே அம்பு ஒட்டறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடோணும். தெரியுதா?"

"சொல்லுதேன் மொதலாளி" என்றாள் சித்ராதேவி. "சொன்ன பொறவு, வாங்க வந்தவுக கிட்ட நீங்க சொல்லலன்னா ஒட்டுவேன்."

முதலாளி போகச் சொல்லிக் கையைக் காட்டினார். மாதவன் அந்தத் தாளை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். அவள் கதவைத் திறந்து வெளியே வந்து, அன்று டெலிவரி போகிற வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டாள்.