வானொலியில் கதவு தட்டியபோது

அந்த வானொலிப் போலீஸ் நாடகத்தை இப்போது கைபேசியில் எந்த நேரமும் கேட்கலாம். அப்போது ஞாயிறு பகலுக்காக வாரம் முழுவதும் காத்திருக்க வேண்டும். அதில் வரும் இன்ஸ்பெக்டர் ஓடமாட்டார், சுடமாட்டார். தேநீர் குடித்துக்கொண்டே கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பார். காணாமல் போனவரைத் தேடுமுன் அவர் விட்டுப்போனவற்றைப் பார்க்க வேண்டும் என்பார். எட்டு வயதில் அவர்மீது எனக்கிருந்த பக்தியில் பாதி கணக்குப் பாடத்தின்மீது இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

ஒரே ஒரு குறை. ஒவ்வொரு வாரமும் இன்ஸ்பெக்டர் யார் வீட்டுக் கதவையாவது தட்டும் நேரம் பார்த்து அம்மா ஓடிவந்து சத்தத்தைக் குறைத்துவிடுவார். அம்மாவுக்கு நாடகம் என்றாலே ஆகாது என்று முடிவு கட்டியிருந்தேன்.

வடக்கில் சண்டை நடந்த காலம். அப்பாவின் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாடு போக வழி பார்த்துக்கொண்டு, எங்கள் ஊரான நாலந்தாவில், வீட்டுப் பின்னறையில் இருந்தார். அவர் வந்திருப்பதைப் பற்றி வெளியே மூச்சுவிடக்கூடாது, கண்ணூறு பட்டுவிடும் என்று அம்மா சொல்லியிருந்தார். சித்தப்பா அப்படியொன்றும் அழகில்லையே என்று எனக்கு ஆச்சரியம்.

அந்த ஞாயிறு அப்பா கலேவெலவுக்குப் போயிருந்தார். அம்மா கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தார். மழை விட்டு, வெயிலும் வராமல், முற்றமெங்கும் பால் கலந்ததுபோல் ஒரு வெளிச்சம். வானொலிக்குப் பக்கத்தில் பாதித் தூக்கத்தில் கிடந்தேன். டொக் டொக் டொக். முதன்முறையாக அந்தச் சத்தம் முழுசாகக் கேட்டது. "கதவத் திறங்க, போலீஸ்" என்றார் இன்ஸ்பெக்டர்.

சித்தப்பாவிடம் சொல்ல ஓடினேன். அறையில் ஆளில்லை. இன்ஸ்பெக்டரைப் போல நிதானமாகப் பார்த்தேன். தட்டில் பாதிச் சோறு. கட்டிலடியில் செருப்பு. பின்கதவு திறந்திருந்தது. ஈரமண்ணில் வெறுங்கால் தடம், விரல்கள் மட்டும் ஆழமாக. ஓடியிருக்கிறார். சோற்றைப் பாதியில் விட்டு ஓட என்ன அவசரம் என்பதுதான் பிடிபடவில்லை.

தடம் கொக்கோ மரங்களுக்குள் போனது. நனைந்த சருகில் என் காலடியே எனக்குக் கேட்கவில்லை. வானொலிக் குரல் யாரோ கனவில் பேசுவதுபோலத் தேய்ந்துகொண்டே வந்தது. மிளகுக்கொடி சுற்றிய பலாமரத்தின் பின்னால் சித்தப்பா குந்தியிருந்தார். கையில் பருப்பு ஒட்டியிருந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்றேன்.

என் வாயைப் பொத்தினார். "எத்தினை பேர் வந்திருக்கினம்?"

கையை விலக்கினேன். "யாரும் வரல்ல சித்தப்பா. ரேடியோவுலதான் தட்டினாங்க."

என்னையே பார்த்தார். பிறகு மரத்தைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். அதற்குமுன் யாரும் என் வேலையை அவ்வளவு ரசித்ததில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன்.

"இவ்வளவு லேசாக் கண்டுபிடிக்கலாமோ?" என்று கேட்டார்.

"ரொம்ப லேசு" என்றேன். தட்டு, செருப்பு, கதவு, கால்தடம் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். நல்ல மாணவன் போலக் கவனமாகக் கேட்டார்.

அடுத்த ஞாயிறு பின்னறையில் அவர் இல்லை. அன்று வானொலியையும் யாரும் போடவில்லை. அவர் விட்டுப்போனவற்றைத் தேடினேன். கட்டிலடி சுத்தமாக இருந்தது. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. பின்கதவு சாத்தியிருந்தது. வெளியே ஈரமண்ணில் விளக்குமாற்றின் கோடுகள் மட்டும்தான். நான் சொல்லிக்கொடுத்ததை இவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.