படுவான்கரை மெசின்களும் ஓர் ஊத்தைத் துணியும்

ஓடுகிற தையல் மெசினுக்கு மெக்கானிக்கின் ஞாபகமே வராது. நின்றுபோன மெசினுக்கு அவன் நேற்றே வந்திருக்க வேண்டும். வீடு வீடாகப் போய் எதையாவது திருத்திப் பிழைத்த எல்லாருக்கும் இந்த வருத்தம் தெரியும். சண்டைக் காலத்தில் எனக்கு இன்னொரு வருத்தமும் இருந்தது. நான் குடியிருந்தது மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில். என் வாடிக்கைக்காரரில் பாதிப் பேர் அந்தப் பக்கம், படுவான்கரையில். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு மிதந்து போகும் தட்டை நாங்கள் பாதை என்போம். அதில் ஏறுவதற்கு முன்னால் ஆமியின் சோதனைச் சென்றியைத் தாண்ட வேண்டும்.

நன்றியில்லாத மெசின்

மண்டூரில் செல்வராணி என்றொரு தையல்காரி இருந்தார். கணவர் ஒருநாள் சந்தைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரு மிதி மெசினும் மிஞ்சின. பள்ளிக்கூடச் சட்டையும் ரவிக்கையும் தைத்துத்தான் அந்த வீட்டில் உலை ஏறியது. மெசின் நின்றால் அடுப்பும் நிற்கும். அந்த மெசின்தான் இறுகிப்போய், சில்லு அசைய மாட்டேன் என்கிறது என்று ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார்.

கழற்றிப் பார்த்தால் உள்ளே எங்கும் மஞ்சள் பிசின். படுவான்கரை போராளிகளின் கையில் இருந்ததால், மெசின் எண்ணெயை அங்கே கொண்டுபோக ஆமி தடை போட்டிருந்தது. அதனால் ஊரே தேங்காய் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தது. அது முதலில் நன்றாக வழுக்கும், பிறகு பசை மாதிரிப் பிடித்துக்கொள்ளும். குப்பி விளக்கில் கிடந்த மண்ணெண்ணெயை வாங்கிக் கழுவிக்கொண்டே நான் ஏசினேன். செல்வராணி கோபப்படவில்லை. மெசினைத்தான் முறைத்துப் பார்த்தார். "புள்ளையள் ரெண்டுக்கும் தலைக்கு வெக்காம இதுக்குத்தான் வெச்சன் அண்ணன். இதுக்கு நன்றியே இல்ல."

கழுவக் கூடாத துணி

அந்தப் பேச்சு என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. போத்தலில் எண்ணெய் கொண்டுபோனால் பிடிபடும். ஆனால் மெக்கானிக்கின் பையில் ஊத்தைத் துணி இல்லாவிட்டால்தான் சந்தேகம். பழைய பெனியன் துணியை மெசின் எண்ணெயில் ஊறவைத்து, திருப்புளி, குறடு என்று என் தொழில் ஆயுதங்களை அதில் சுற்றிக்கொண்டு போனேன். அக்கரையில் இறங்கி, மெசினுக்கு ஒரு பிழி. செல்வராணியின் மெசினுக்கு மட்டும் இரண்டு.

சில தடவை இப்படி நன்றாகவே நடந்தது. ஒருநாள் சென்றியில் ஓர் இளம் ஆமிக்காரர் என் பையில் கைவிட்டு முதலில் எடுத்ததே அந்தத் துணியைத்தான். அமுக்கினார். எண்ணெய் அவர் மணிக்கட்டு வரை வழிந்தது. இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் ஆட்களைக் கொண்டுபோன காலம். துணிக்குள்ளிருந்து, கீழ்நூல் உருளை மாட்டுகிற பொபின் கூடு ஒன்று கீழே விழுந்தது. அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா வீட்டில தைக்கிறது," என்றார் அரைகுறைத் தமிழில். "நூல் அறுந்து அறுந்து போகுது. ஏன்?" ஊசியை மாறிப் பூட்டியிருப்பார்கள், திருப்பிப் பூட்டச் சொல்லுங்கள் என்றேன். கண்ணால் காணாமல் நான் திருத்திய ஒரே மெசின் அது, சரிவந்ததோ தெரியாது. அவர் கையை மணல் மூட்டையில் துடைத்தார். பொபின் கூட்டைத் துணியிலேயே சுற்றிப் பைக்குள் போட்டார். "துணி சரியான ஊத்தை. கழுவ வேணாம். போ."

சுற்றுகிறவர் ஒருவர், தைக்கிறவர் ஒருவர்

பிறகு ஷெல் விழத் தொடங்க, படுவான்கரைச் சனம் தோணிகளில் இக்கரைக்கு வந்தது. செல்வராணி மெசினின் இரும்புக் காலை வீட்டில் விட்டுவிட்டு, தலையை மட்டும் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டார்கள். அகதி முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்தில், மாணவர் மேசையில் தலையைப் பூட்டி, மிதிக்குப் பதிலாகச் சில்லில் ஒரு மரக் கைப்பிடி வைத்துக் கொடுத்தேன்.

ஆனால் ஒரு கை சில்லைச் சுற்றினால் துணியைப் பிடிக்க மற்றக் கை போதாது. செல்வராணி ஒரு சட்டம் போட்டார்: யாருடைய துணியோ அவரே சுற்ற வேண்டும். மறுநாள் காலையிலேயே வகுப்பு வாசலில் வரிசை. கிழிந்த சாரத்தோடு வந்த ஒரு பெரியவர் சுற்றிச் சுற்றி மூச்சு வாங்கிக்கொண்டு, "நானே சுத்துறன் எண்டா, நீ எதுக்குகா?" என்று கேட்டார். செல்வராணி துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேராப் போறதுக்கு, பெரியப்பா."

பாதை நின்ற பிறகு

ஷெல் ஓய்ந்து சனம் ஊர் திரும்பியபோது, செல்வராணி வீட்டில் விட்டுப்போன இரும்புக் காலில் ஒரு கோழி அடை கிடந்தது. அதைக் கிளப்பிவிட்டுத் தலையைப் பூட்டிக் கொடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று எண்ணெய்த் துணியையும் விட்டுவிட்டு வந்தேன். அதோடு ஆமியின் உத்தரவால் பாதை நின்றது. மாதக்கணக்கில் யாரும் அக்கரைக்குப் போக முடியவில்லை. எத்தனை மெசின் இறுகிக் கிடக்கிறதோ, அந்தப் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்களோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. என் பிழைப்பை நினைத்தும் கவலைதான், இல்லை என்று சொல்லவில்லை.

பாதை மறுபடி ஓடத் தொடங்கிய அன்றே புதுத் துணி இரண்டை ஊறவைத்துக்கொண்டு ஓடினேன். மண்டூரில் முதல் வீட்டில் மெசின் ஓடுகிறது. அடுத்த வீட்டிலும் ஓடுகிறது. இறுக்கமாகவே இருந்த ஆணிகளை மரியாதைக்கு ஒருமுறை இறுக்கிவிட்டு, யார் பார்த்தது என்று கேட்டேன். எல்லாரும் செல்வராணி வீட்டைக் காட்டினார்கள். அங்கே அவர் யாருடையதோ ஒரு மெசினைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, தட்டித் தட்டையாக்கிய கம்பியாணியால் கழற்றிக்கொண்டிருந்தார். என் துணி, காய்ந்துவிடாதபடி ஒரு மூடி போட்ட பால்மாப் பேணிக்குள் இருந்தது.

"ஆரு சொல்லித் தந்த?" என்று கேட்டேன்.

"ஆரும் இல்ல. பாதை நிண்டது எங்களுக்குத் தெரியும், மெசினுக்குத் தெரியாதே. கழட்டித் திருப்பிப் பூட்டினன், ரெண்டு ஆணி மிஞ்சிச்சு. மறுகாவும் கழட்டினன்."

ஏதாவது பிழை இருக்காதா என்று நான் உண்மையிலேயே தேடிப் பார்த்தேன். இல்லை. எனக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமை அடங்குவதற்குள் வயிறு தன் கணக்கைக் கேட்கத் தொடங்கிவிட்டது. தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பியபோது வாசல்வரை வந்து சொன்னார். "நீங்க இவ்வளவு தூரம் மினக்கெட வேணாம் அண்ணன். அந்தத் துணிய மட்டும் குடுத்து விடுங்க."

மெசினைச் சரியாகத் திருத்தினால் ஒரு வாடிக்கை குறையும் என்பது எங்கள் தொழிலில் தெரிந்த விஷயம்தான், ஆனால் செல்வராணியின் மெசினைத் திருத்தியதில் எனக்குப் படுவான்கரை முழுவதுமே குறைந்துபோனது, அதற்கான எண்ணெயையும் நானேதான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.